பூவாத்தாள் வீட்டில் வெளிச்சம் காணோம்

ஆனந்தகுமார் ஏணியின் உச்சிப்படியில் ஒற்றைக் காலில் நின்றான். மற்றக் கால் கம்பத்தைச் சுற்றியிருந்தது. வாயில் கட்டிங் பிளேயர். காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். கீழே எருத்தேன்பதியின் தென்னந்தோப்பு காற்றில் ஆட, கூடவே கம்பமும் ஆடுவதாக அவனுக்குத் தோன்றியது.

"ஆனந்தா, நான் கொழிஞ்சாம்பாறை தாண்டிட்டேன்" என்றது போன். மலையாளம் கலந்த தமிழில் பேசியது இன்டர்நெட் கம்பெனி சூப்பர்வைசர் ஷீனா. "நான் வரும்போது அந்த வீட்டு மோடத்துல பச்சை லைட் எரியணும். கேட்டோ?"

"ம்ம்" என்றான் பிளேயரைக் கடித்தபடி.

"வாரா வாரம் ஒரே வீட்டுல இருந்து கம்ப்ளெயின்ட். மேல இருக்கறவங்க என்னைக் கேக்கறாங்க. இன்னிக்கும் உன்னால காரணம் கண்டுபிடிக்க முடியலைன்னா திங்கக்கிழமை பீர்மேடு. அவிடே ஆளில்ல."

"ம்ம்ம்" என்றான். இந்த முறை அதில் அழுகை கலந்திருந்தது.

பீர்மேட்டில் தேயிலை உண்டு, மூடுபனி உண்டு, குளிர் உண்டு. அட்டையும் உண்டு. பயிற்சிக்காக ஒரு தடவை அங்கே போனபோது சாக்ஸுக்குள் ஏதோ குறுகுறுக்க, கழற்றிப் பார்த்துவிட்டு அப்படியே சாய்ந்தவன்தான். நாலு பேர் தூக்கி ஜீப்பில் போட்டார்கள். அவன் மயங்கிக் கிடக்க, அட்டை மட்டும் பதறாமல் ரத்தம் குடித்துக்கொண்டிருந்ததாம். கூட இருந்தவன் அதை வீடியோ எடுத்து கம்பெனி குரூப்பில் போட்டுவிட்டான். வீட்டில் சொன்னால் மனைவிகூடச் சிரிக்கிறாள்.

ஏணியைப் பிடித்திருந்த வீட்டுக்காரர் சென்னிமலை அண்ணாந்து பார்த்தார். "ஏனுங் தம்பி, எறங்குங்க. நாந்தான் சொல்றனுங்களே, மயிலு வேலைங்க இது."

ஆனந்தகுமார் பிளேயரைக் கையில் எடுத்தான். "மயிலு ஒயரக் கொத்துனா ஒயர் அறுந்து தொங்கோணுமுங்க. இது முழுசா இருக்குதுங்களே."

"கொத்தோணும்னு இல்லீங்க. உக்காந்து ஆடுனாப் போதாதுங்களா? நெல்லு, தக்காளி எல்லாத்தையும் தின்னாச்சு. இனி பாக்கி நெட்டுத்தான்."

கம்பத்தில் இருந்து கறுப்புக் கேபிள் மூன்று தென்னைகளில் தொற்றி, வீட்டின் பின்புறம் போய்ச் சேர்ந்தது. ஹால் சுவரில் ஓட்டை போடச் சென்னிமலை சம்மதிக்கவில்லை. புது டைல்ஸ். அதனால் பின்னால் சாமி ரூம் ஜன்னல் வழியாக நுழைத்து, அங்கிருந்து மெல்லிய வெள்ளை ஒயராக ஹாலுக்குக் கொண்டுபோயிருந்தான். அன்றைக்கும் தலைக்குக் குளித்துவிட்டு வரச்சொல்லித்தான் சாமி ரூமுக்குள் விட்டார்கள். அதன் பிறகு அந்தக் கதவு அவனுக்குத் திறக்கவில்லை. "அங்க ஒண்ணுமில்லீங் கண்ணு, எலிகூட எட்டிப் பாக்காது" என்று சொல்லி, கையில் மோர் டம்ளரைத் திணித்து அனுப்பிவிடுவாள் சென்னிமலையின் மனைவி பூவாத்தாள்.

அந்த ஒயருக்குள் கரண்ட் ஓடுவதில்லை. தலைமுடி மொத்தத்தில் ஒரு கண்ணாடி நூல். அதற்குள் ஓடுவது வெளிச்சம். அளவுக்கு மீறி வளைத்தாலோ நெரித்தாலோ, வெளிச்சம் அந்த இடத்திலேயே வெளியே ஒழுகிவிடும். மோடம் சிவப்புக் கண்ணை உருட்டும். அப்போது கம்பத்துப் பெட்டியில் அந்த வீட்டு இணைப்பைக் கழற்றி, சிவப்பு லேசர் பேனாவைச் செருக வேண்டும். பிறகு ஒயர் கூடவே நடந்து வந்தால், எந்த இடத்தில் சிவப்பாகக் கசிகிறதோ அதுதான் கோளாறு.

ஊர் முழுக்க அப்படித்தான் பிடித்தான். இந்த வீட்டில் மட்டும் நடக்கவில்லை. பேனாவைச் செருகுவான். தோப்பு முழுக்கச் சுற்றுவான். ஒரு பொட்டுச் சிவப்பும் தெரியாது. அலுத்துப்போய்த் திரும்ப இணைப்பைக் கொடுத்தால் மோடத்தில் பச்சை ஜம்மென்று எரியும். அவன் ஒன்றுமே செய்திருக்க மாட்டான். யாரோ கெடுக்கிறார்கள், அவன் வந்ததும் அவர்களே சரி செய்கிறார்கள். யார்? எதற்கு?

மரத்தில் அணிலைச் சந்தேகப்பட்டான். போட்டிக் கம்பெனிக்காரனைச் சந்தேகப்பட்டான். சென்னிமலையையே ஒரு வாரம் சந்தேகப்பட்டான்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஷீனா இறங்கினாள்.

"பச்சையா, சிவப்பா?"

"சிவப்புங்க மேடம்."

"பேனாவைப் போடு. நீ மேலேயே நில்லு. ஒயர் கூட நான் நடக்கறேன்."

பூவாத்தாள் வாசலுக்கு வந்தாள். தலை நிறையப் பூ. "வாங்க அம்மிணி. வெயில்ல வந்திருக்கறீங்க, சித்த உக்காந்து மோர் குடிச்சுட்டுப் பாக்கலாமுங்க."

"மோர் அப்புறம். ஒயர் வீட்டுக்குள்ள எது வழியா வருது?"

பூவாத்தாள் ஒரு நொடி தயங்கினாள். ஷீனாவை மேலும் கீழும் பார்த்தாள். "குளிச்சுட்டீங்களா?"

"என்ன கேள்வி இது? காலையிலேயே குளிச்சாச்சு."

"அப்படீன்னா செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்விட்டாள்.

ஆனந்தகுமார் பேனாவைச் செருகி விசையைத் தட்டினான். தோப்பில் எங்கும் சிவப்பு இல்லை. வழக்கம்போல.

திடீரென்று வீட்டுக்குள் மணி அடித்தது. கூடவே பல பெண்களின் குலவைச் சத்தம். தோப்புக்குள் சுற்றும்போது ஏதோ கோயில் சத்தம் என்று அவன் நினைத்திருந்தது இதைத்தான். ஏணி ஒரு ஆட்டம் ஆடியது.

"என்னங்க அது?"

"வெள்ளிக்கெழமையல்லங்க, ராகு காலப் பூசை" என்றார் சென்னிமலை கொட்டாவி விட்டபடி. "இப்பெல்லாம் கூட்டம் எச்சாத்தான் வருது. வேலந்தாவளத்துல இருந்தெல்லாம் வாராங்க. எதுக்குன்னு நானும் போய்ப் பாக்கல. மயிலத் தாட்டி ஓட்டவே நேரம் செரியாப் போகுது."

நேரம் இழுத்தது. ஷீனா வெளியே வந்தபோது அவள் நெற்றியில் அகலமாய்க் குங்குமம். கையில் வாழையிலைத் துண்டு, அதில் சர்க்கரைப் பொங்கல். அவள் முகத்தில் இருந்தது கோபமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"மேடம், பீர்மேடு…"

"அதுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்." ஒரு வாய் பொங்கல் சாப்பிட்டாள். "நீ இங்கதான் இருக்கணும். எனக்கும் ஒரு வேண்டுதல் இருக்கு."

"கோளாறு என்னங்க மேடம்?"

"கையைக் காலைக் கழுவிட்டு நீயே போய்ப் பாரு. பேனாவை அணைச்சுராதே."

அவன் குழாயடியில் கழுவிக்கொண்டு சாமி ரூம் வாசலில் போய் நின்றான். இருபது முப்பது பெண்கள் கை கூப்பி உட்கார்ந்திருந்தார்கள். எலுமிச்சை மூடியில் விளக்குகள். நடுவே மாகாளியாத்தாள் படம். அதைச் சுற்றி அவன் இழுத்த அதே வெள்ளை ஒயர்: கிரீடத்துக்கு மேலே நெருக்கி மடித்து, காதோரம் இரண்டு சுருள், கழுத்துக்குக் கீழே பூச்சரம் கட்டுகிற முடிச்சாக வரிசையாய் இறுக்கிக் கட்டி. மடிப்புக்கு மடிப்பு, முடிச்சுக்கு முடிச்சு, உள்ளே ஓடிய லேசர் ஒழுகி, ஆத்தாள் மேனி பூராவும் செக்கச்செவேலென்று ஜொலித்தாள்.

அவனைப் பார்த்ததும் பெண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். ஒருத்தி அவனையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

பூவாத்தாள் விபூதித் தட்டோடு எழுந்து வந்தாள். முகத்தில் துளிக் கூச்சம்.

"மொதல்ல ஒருக்கா ஒயரு சும்மா தொங்குதேன்னு ஆணியில சுத்தி வெச்சனுங் கண்ணு. அன்னிக்கு நீங்க வந்து கம்பத்துல ஏறுனீங்க, ஆத்தா பக்கத்துல பளிச்சுன்னு ஒரு வெளிச்சம். நெட்டுப் போனாத்தான நீங்க வாறீங்க. அதுதான் வெள்ளிக்கெழமைன்னா வெடியாலயே எந்திரிச்சு, தலைக்குத் தண்ணி வாத்துட்டு, நானே முடிச்சுப் போட்டு வெச்சுட்டு உங்க ஆபீசுக்குப் போன் பண்ணிப் போடறதுங்க. பூசை முடிஞ்சா அவுத்துருவேன்."