பத்து மணிக்குப் பேசும் தாமஸ்

வீட்டில் தாமஸ் பேசுவதை விரல்விட்டு எண்ணிவிடலாம். "சோறு", "தண்ணி", "வரேன்." கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் ஃப்ளோராவுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். டிராலரில் இன்ஜின் டிரைவர். திங்கட்கிழமை விடிகாலை ராயபுரத்தை விட்டால் சனிக்கிழமைதான் கரை. அப்பேர்ப்பட்டவன் தினமும் காலை பத்து மணிக்கு வயர்லெஸ்ஸில் பேசுகிறானாம்! அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த வாய் கடலில் எப்படித்தான் திறக்கிறது என்று தன் காதால் கேட்டே ஆக வேண்டும்.

ஃப்ளோராவும் லேசுப்பட்டவள் இல்லை. திருவொற்றியூரில் ரேடியோ கம்பெனி ஒன்றில் மதிய ஷிப்டில் ஒயர்களை ஒட்ட ஈயம் வைக்கிறவள். யானைக்கவுனியில் பழைய சாமான் கடை வைத்திருந்த ரஹீமுன்னிசாவிடம், பட்டாளத்துக் கழிசலில் வந்த வால்வு ரேடியோ செட் ஒன்று இருந்தது. கப்பல் பேச்செல்லாம் எடுக்கும் என்றாள். அதைத் தூக்கி வந்து, மொட்டைமாடியில் இரண்டு மூங்கில் நட்டு, ஏரியலுக்குச் செம்புக் கம்பி இழுத்துக் கட்டினாள்.

"இன்னாடி இது?" என்றாள் மாமியார் சிலுவையம்மாள்.

"ரேடியோவுக்கு அத்தை."

"பலமாத்தான் கீது" என்று கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை செட் கணீரென்று பேசியது. திங்கட்கிழமை பத்து மணிக்கு வெறும் கொர்ர்ர். மெழுகு வடிந்த பழைய கண்டன்சர்களை மாற்ற வேண்டியதுதான் என்று அடுத்த ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஈயம் வைத்து மாற்றினாள். தாமஸ் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

அன்றைக்கு இன்னும் தெளிவு. மறுநாள் மறுபடி ஊமை. வாரநாளில் ஓடும் ஃபாக்டரி மோட்டார்கள்தான் இரைகின்றன என்று முடிவு கட்டி, யானைக்கவுனிக்குப் போய் நல்ல வால்வு ஒன்று வாங்கிவந்து போட்டாள்.

"உன் வூட்டுக்காரன் மாதிரியே உன் செட்டும் கீதும்மா" என்று சிரித்தாள் ரஹீமுன்னிசா.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை. பத்தாகக் கால் மணி இருக்கையில், ஏரியலையும் ஒருதரம் பார்த்துவிடலாமே என்று மாடி ஏறினாள். கம்பி முழுக்க உப்பு நீர் சொட்டச் சொட்ட வஞ்சிரக் கருவாடு. பாரத்தில் தொய்ந்த கம்பியை, மாமியார் கெட்டிக்காரத்தனமாக ஓர் இரும்புக் கம்பி போட்டுத் தண்ணீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். ஏரியல் பிடித்ததெல்லாம் குழாய் வழியே மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சிலுவையம்மாள் பூசைக்குப் போவாள், உப்பைத் தொடமாட்டாள்; சனிக்கிழமை இரவே மீனையும் இரும்புக் கம்பியையும் அவிழ்த்துவிடுவாள். விஷயம் அவ்வளவுதான்.

"அத்தை! இன்னா பண்ணி வெச்சிகீறீங்க!"

"ஏன்டி கத்தற? கீழ போட்டா காக்கா தூக்கினு பூடுது. அவனுக்குப் புடிச்ச மீனுடி."

ஃப்ளோராவுக்கு வந்த கோபம் பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. "உங்க புள்ள பேச்சதான் இத்தினி நாளா கட்டிப் போட்டுகீறீங்க."

இருவருமாகக் கருவாட்டை அவிழ்த்துவிட்டுக் கீழே ஓடினார்கள். சரியாகப் பத்துக்குத் தாமஸின் குரல் செட்டில் வந்தது. ஐஸ் இவ்வளவு, மீன் இத்தனை கூடை என்று கரைக்குச் சொன்னான். பிறகு அடுத்த படகிலிருந்து மண்ணாங்கட்டி என்பவன் கூப்பிட்டான்.

"இன்னா மாமு, இன்னிக்கி உன் வயர்லெஸ் கணீர்னு கீது?"

"உள்ள ஒரு ஒயர் வுட்டுப்போச்சி. நானே ஈயம் வெச்சேன். எம் பொஞ்சாதி வெக்கறத பாத்துகினே இருந்தேன்ல, அதுல வந்தது. அவ வெச்சா முத்து மாதிரி நிக்கும் மாமு. நாள் பூரா பாத்துகினு இருக்கலாம்."

ஃப்ளோரா செட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"எம்மாம் பேசறான்!" என்றாள் சிலுவையம்மாள்.

சனிக்கிழமை தாமஸ் வந்தான். மாடியில் பாயில் கருவாடு காய, அம்மா கையில் குச்சியோடு காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். காலியாக இருந்த ஏரியல் கம்பியைப் பார்த்துவிட்டு, "கீழயா?" என்றான்.

சிலுவையம்மாள் மருமகளைப் பார்த்தாள். செட்டில் தன் பேச்சைக் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் பயல் கடலிலும் வாயை மூடிக்கொள்வான். "பாய்லதான் நல்லா காயுது" என்றாள்.

மறுநாள் ஃப்ளோரா செட்டைத் திறந்து வைத்தாள். அதில் ஒரு கோளாறும் இல்லை. தாமஸ் வந்து எதிரில் உட்கார்ந்தான். நன்றாக இருந்த ஈயம் ஒன்றை உருக்கி எடுத்து, மெதுவாகத் திரும்ப வைத்தாள்.