சூடாகாத ஆணி

எங்கள் கொட்டகையில் ஒரு சட்டம் உண்டு. யாருடைய பேட்டரி எரிகிறதோ அவர்தான் சுவரில் படிந்த கரியைக் கழுவ வேண்டும். மூன்று வருடமாக வாளியும் பிரஷும் எங்கள் ஆராய்ச்சியாளர் பிரான்வின் கையில்தான்.

ஆஸ்திரேலியாவில் ஜீலாங் ஊர் ஆய்வுக்கூடத்தின் பின்னால் இருக்கிறது அந்தத் தகரக் கொட்டகை. அலுமினிய உலையில் இருபத்தாறு வருடம் வெந்தவன் நான். உலையை மூடியதும் இங்கே ஆணி இறக்கும் வேலைக்கு வந்தேன். முழுக்கச் சார்ஜ் ஏறிய பேட்டரியை இரும்புப் பெட்டிக்குள் வைத்து, தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பொத்தானை அழுத்துவேன். ஆணி உள்ளே பாயும். சாதாரண பேட்டரி என்றால், அதற்குள் இருக்கும் திரவம் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும். காரில் பற்றினால் ஓரம் கட்டிவிட்டு ஓடலாம். விமானத்திலிருந்து எங்கே ஓடுவது? அதற்காகத்தான் பிரான்வின் பற்றாத திரவம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். தேன் மாதிரிக் கெட்டியாக இருக்கும்.

பேட்டரியில் பறக்கும் பயிற்சி விமானம் செய்யும் கம்பெனியிலிருந்து வெள்ளிக்கிழமை ஆள் வருவதாக இருந்தது. அவர் கண்முன்னே தீ வந்தால் அவளுடைய திட்டத்துக்கு மூடுவிழா. வியாழன் காலை ஒத்திகை பார்த்தோம்.

ஆணி இறங்கியது. புகைகூட இல்லை.

சார்ஜ் ஏற்றும் ஃபெர்கஸ் குதித்தான். "பிரான், வாளிய எனக்குக் குடுத்துடு! இனிமே உனக்குக் கழுவற வேலையே இல்ல!"

அவள் என் தோளைக் குத்தினாள். "ரெக், ஏன்யா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? சிரியேன்."

பெட்டியைத் திறந்து ஆணியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"தீ வராதது சரி, சூடு எங்க போச்சு?" என்றேன். "முழு சார்ஜ்ல இருக்கறத ஆணியால குத்தினா, தீ வராட்டியும் கொதிக்கணும். இது செத்த மீன் மாதிரி கெடக்கு."

"மீட்டர்ல வோல்ட்டேஜ் முழுசுன்னு காட்டுச்சே," என்றான் ஃபெர்கஸ்.

"மீட்டர் சொல்றத விடு. உள்ள மொத்தம் எவ்வளவு கரண்ட் போச்சுன்னு பாரு."

பார்த்தான். பாதிகூட ஏறவில்லை. பிரான்வின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் மாதிரித் திரவத்துக்குப் பழகிய கைகள் எங்களுடையவை. இன்று ஊற்றினால் நாளை சார்ஜ். இந்தத் தேன் எங்கள் ஊர் ஜூலைக் குளிரில் ஒரு ராத்திரியில் பேட்டரிக்குள் எப்படி ஊறும்? ஊறாத இடத்தில் சார்ஜும் ஏறாது. அடுப்பில் இரண்டு நாள் இளஞ்சூட்டில் வைத்திருக்க வேண்டும்.

"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல நீ," என்றாள். "நாளைக்கும் இதே மாதிரி பாஸாயிருக்கும்."

"ஆமா. அப்புறம் முழு சார்ஜோட அவன் விமானத்துல ஏத்துவான்."

தரையிலிருந்து எழுந்தாள். பிறகு போனை எடுத்து, அந்த ஆளைத் திங்கட்கிழமை வரச் சொன்னாள். மறுமுனையில் அவர் முணுமுணுத்தது எங்களுக்கும் கேட்டது.

வெள்ளிக்கிழமை புதிதாகத் திரவம் ஊற்றிய பேட்டரிகள் சனியும் ஞாயிறும் அடுப்பில் ஊறின. திங்கட்கிழமை காலை சார்ஜ் முழுக்க ஏறியது. இந்த முறை ஃபெர்கஸ் உள்ளே ஏறிய அளவை இரண்டு தடவை சரிபார்த்தான். ஒத்திகைக்கு நேரமில்லை. கம்பெனி ஆள் கண்ணாடியருகே நின்றார். பிரான்வின் வாளியில் முன்னாலேயே தண்ணீர் பிடித்து வைத்துவிட்டாள்.

பொத்தானை அழுத்தினேன்.

வெப்பமானியில் நாற்பது டிகிரி. எழுபது. தொண்ணூற்றாறு. பேட்டரி தவளை வயிறு மாதிரி உப்பியது. ஓரத்தில் கொஞ்சம் ஆவி கசிந்தது. பிறகு எண் மெல்ல இறங்கத் தொடங்கியது.

"அவ்ளோதானா?" என்றார் அவர், ஏமாந்தவர் மாதிரி.

"அவ்ளோதான்," என்றாள் பிரான்வின். அவர் சிரித்துக்கொண்டே கை நீட்டினார்.

பிறகு வாளித் தண்ணீரை வெளியே கொட்டி, அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, இறைச்சி அடைத்துச் சுட்ட ரொட்டி ஒன்றைத் தக்காளி சாஸ் வழிய வழியத் தின்றாள். நான் ஆணியைக் கழற்றினேன். கையுறையைத் தாண்டிச் சுட்டது.