மறுநாள் படும் குண்டுகள்

கிண்ணியா சுஹைரா வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குச் சுட்டால், குண்டு சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குத்தான் அட்டையில் படும். பட்டால் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தில்தான் படும். அதில் ஒருவருக்கும் முறைப்பாடு கிடையாது. முறைப்பாடெல்லாம் இடையில் கிடக்கும் அந்த ஒரு நாளைப் பற்றியதுதான். உள்துறைமுகத்தை ஒட்டிய பழைய உப்புக் கொட்டகையில் இயங்கும் குறிசுடும் சங்கத்தில் பெரிய ஆயுதம் ஒன்றும் இல்லை. காற்றில் இயங்கும் கைத்துப்பாக்கி, பயறளவு ஈயக்குண்டு, பத்து மீற்றருக்கு அப்பால் ஒரு கடதாசி அட்டை, அவ்வளவுதான். அந்தத் தூரத்தைக் கடக்க மற்றவர்களின் குண்டுக்குக் கண்மூடித் திறக்கும் நேரம் போதும். சுஹைராவின் குண்டுகள் எங்கே போய்விட்டு வருகின்றன என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவந்தது. இலங்கைத்துறையில் விடியப்புறம் வலை இழுத்தவர்கள், தலைக்கு மேலே வண்டு போல ஏதோ இரைந்து போனதாகச் சொன்னார்கள். கிளிவெட்டியில் மத்தியானம் வயலில் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். பிறகு எடுத்துப் பார்த்தால் குண்டுகளில் உப்புப் படிந்திருக்கும், சிலவேளை உமி ஒட்டியிருக்கும், ஒருமுறை மீன்செதில் ஒன்றும் இருந்தது. ஆகவே அவை மாவட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகின்றன என்று ஊர் முடிவுகட்டியது. அதற்குமேல் ஒருவரும் ஆராயவில்லை. அவரவருக்கு அவரவர் வேலை.

சுஹைரா நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். நாள் முழுக்க மற்றவர்களின் கண்ணைப் பார்த்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டுக் களைத்தவள், தானே பார்த்துத் தானே முடிவெடுக்கும் ஒரு காரியம் வேண்டுமென்றுதான் சங்கத்தில் சேர்ந்தாள். முதல் வருடம் எல்லாம் நன்றாகவே போனது. அப்போது ஆறுதலாகச் சுடும் போட்டிதான். ஒரு குண்டுக்கு ஒரு நிமிடம். அவள் சுட்ட கையோடு குண்டு போய்ப் பட்டது, ஐம்பதுக்கு ஐம்பது. இரண்டாம் வருடம், கொழும்பில் நடக்கும் அகில இலங்கைப் போட்டியில் வேகச் சுடுதல் மட்டுமே என்றானது. பத்து செக்கனுக்குள் ஐந்து குண்டு. சங்கத்துக்கு ஒரே ஓர் இடம். அந்த இடம் தன்னுடையது என்று சுஹைராவுக்கு அன்றே பட்டுவிட்டது. நாற்பது வயதுக்குப் பிறகு வரும் ஆசை பொல்லாதது. அது போக இடமில்லாமல் ஆளுக்குள்ளேயே குடியிருந்துவிடும்.

முதல் தடவை அவள் பதினாலு செக்கன் எடுத்தாள். சங்கச் செயலாளர் இராசநாயகம் கழுத்தில் தொங்கிய கடிகாரத்தைத் தூக்கிக் காட்டித் தலையை ஆட்டினார். சுங்கத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்ற மனிதர். நேரமும் பாதுகாப்பும் அவருக்கு இரண்டு கண்கள். முதற்குண்டுக்கு முன்பு கொட்டகை முகட்டில் சிவப்புக்கொடி ஏறும், கடைசிக் குண்டுக்குப் பிறகு இறங்கும். கொடி ஏறியிருக்கும்போது சுடுபவர்கள் நிற்கும் கோட்டைத் தாண்டி ஒரு காகம் நடந்தாலும் அன்றைய போட்டியை நிறுத்திவிடுவார்.

சுஹைரா பழகத் தொடங்கினாள். வெறுந்துப்பாக்கியோடு குசினியில் நின்று, குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிய கறுப்புப் பொட்டைக் குறிவைத்துக் குறிவைத்து எத்தனையோ நாள் சோற்றை அடிப்பிடிக்கவிட்டாள். துப்பாக்கியின் பின்குறியையும் அட்டையையும் மங்கலாக விட்டு, குழல் நுனியில் உள்ள முன்குறியை மட்டும் தெளிவாகப் பார்க்கக் கண்ணைப் பழக்கினாள். விசையை வெடுக்கென்று இழுக்காமல், பழுத்த பழத்தை அமத்துவது போல ஒரே சீராக அமத்தினாள். சத்தம் வரப்போகிறது என்று மணிக்கட்டு முன்கூட்டியே பயந்து தாழ்வதைக் கண்டுபிடித்து, தண்ணிப் போத்தலை நீட்டிப் பிடித்து அந்தப் பயத்தையும் தீர்த்தாள். அவசரப்படுவது வேறு, வேகம் வேறு. தேவையில்லாத அசைவை வெட்டி எறிந்தால் மிஞ்சுவதுதான் வேகம் என்பது விளங்கவே ஒரு வருடம் போனது. பதினாலு பன்னிரண்டானது, பன்னிரண்டு பத்தானது, கடைசியில் ஐந்து குண்டையும் ஆறு செக்கனில் சுட்டு முடித்தாள். ஆனால் பன்னிரண்டு செக்கனில் சுட்டபோது குண்டுகள் இரண்டு நிமிடம் பிந்திப் பட்டன. பத்து செக்கனில் சுட்டபோது ஒரு மணித்தியாலம். ஆறு செக்கனில் சுட்ட அன்று இருட்டும்வரை காத்திருந்தும் படவேயில்லை. சங்கம் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் திறக்கும். மறுநாள் அதே நேரம், ஆளில்லாக் கொட்டகையில் ஐந்து முறை ‘டொக்’ என்று கேட்டதாக வாயில் காவலாளி ஸஜ்ஜாத் வந்து சொன்னான். திறமை கூடக் கூடக் குண்டு பிந்தியது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

துப்பாக்கியை மாற்றிப் பார்த்தாள். அவளுடைய துப்பாக்கியை இராசநாயகம் வாங்கிச் சுட்டார், உடனே பட்டது. இராசநாயகத்தின் துப்பாக்கியால் அவள் சுட்டாள், மறுநாள் பட்டது. வங்கியில் வேலை செய்யும் பத்மாசனி ஐந்து குண்டையும் நாலு செக்கனில் கொட்டிவிடுவாள். அவளுடைய அட்டை கோழி கிளறின முற்றம் மாதிரி இருக்கும். அவள்தான் இரண்டு வருடமாகக் கொழும்புக்குப் போய்க் கடைசி ஆளாக வந்துகொண்டிருந்தாள். "எனக்கு வேகம், உங்களுக்குக் குறி. ரெண்டு பேரையும் ஒண்டாக் காய்ச்சி இறக்கினால்தான் ஒரு உருப்படியான ஆள் வரும்" என்று அவள் பகிடி விட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். சுஹைராவும் சிரித்தாள், வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு அழுதாள். போட்டி முடிந்து கொடி இறங்கியதும் இராசநாயகம் அவளுடைய வெறும் அட்டையைக் கழற்றி வந்து, "ஏழாம் தடம், சுஹைரா, சைபர்" என்று உரத்து வாசிப்பார். மறுநாள் ஐந்து குண்டும் அடுத்த முறைக்கென்று மாட்டிய புது அட்டையில் ஒரே துளையாகப் போய்ப் படும். நேற்றைய குண்டுக்கு இன்றைக்குப் புள்ளி போட ஏலாது என்பது அவருடைய கட்சி. குண்டு பிந்துவது அவருக்குப் புள்ளிக் கணக்குச் சங்கதியாகத் தெரிந்ததே தவிர, வேறொன்றாகத் தெரியவில்லை.

நாலாம் வருடம் செயற்குழு கூடி, தெரிவுப் போட்டியில் இம்முறையும் சைபர் என்றால் ஏழாம் தடத்தை வேறொருவருக்குக் கொடுப்பதென்று தீர்மானித்தது. இடம் கேட்டு ஆட்கள் காத்திருந்தார்கள். சுஹைரா அதை வீட்டில் சொன்னாள். அவளுடைய கணவன் முனீப், புறாத்தீவுக்கு உல்லாசப் பயணிகளை வேகப்படகில் ஏற்றியிறக்குகிறவன். பொறுமை என்பது அவன் பிறந்த நாளிலேயே ஆளைவிட்டுப் போனது. அவன் ஒரே வசனத்தில் வழி சொன்னான். "நாளைக்குப் படணுமெண்டா இண்டைக்கே சுடு, அதுக்கு ஏன் இந்தப் பாடு?"

போட்டி சனிக்கிழமை நான்கு மணிக்கு. அது நோன்புக் காலம். சங்கச் சுவரில் தொங்கிய கலண்டரில் பெருநாள் ஞாயிறு என்று சிவப்பு மையில் அச்சடித்திருந்ததால், அதற்கு முந்திய நாளைச் செயற்குழு தெரிவுசெய்திருந்தது. வெள்ளிக்கிழமை பழகும் நாள். நோன்பு வாயோடு சுஹைரா ஏழாம் தடத்தில் நின்று, கள்ள வேலை செய்கிறோம் என்ற குறுகுறுப்போடு, சரியாக நான்கு மணிக்கு ஐந்து குண்டையும் ஆறு செக்கனில் அனுப்பினாள். நாளைக்கு எல்லோரும் பார்க்கப் படும். அதன்பிறகு வருவது வரட்டும் என்று கிண்ணியாப் பாலத்தைக் கடந்து வீடு வந்தாள். நோன்பு திறந்து, மஹ்ரிப் தொழுது, கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுக்கும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பிறை கண்டாயிற்று. நாளைக்குப் பெருநாள். பிள்ளைகள் வீதியில் கூச்சல் போட்டன, பக்கத்து வீட்டில் வெடி கொளுத்தினார்கள். சங்கத்தில் இருந்து ஒரு குறுஞ்செய்தியும் வந்தது: போட்டி ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது, பெருநாள் வாழ்த்துகள். கிண்ணியாவில் பிறந்து வளர்ந்தவள் பிறையை மறந்து கலண்டரை நம்பினாள் என்றால், அந்தப் பிழைக்கு யாரை நோவது? அன்றிரவு ஊரிலேயே பிறையைப் பார்த்து ஆத்திரப்பட்ட ஒரே ஆள் சுஹைராதான்.

பெருநாள் அன்று பின்னேரம் அவள் புதுச் சேலையோடு, ஒரு தட்டு வட்டிலப்பத்தையும் எடுத்துக்கொண்டு இராசநாயகத்தின் வீட்டுக்குப் போனாள். வாழ்த்துச் சொல்லவில்லை.

"ஐயா, கேற்றைத் திறந்து தாங்க. நாலு வருசமாச் சுடுறன். ஒரு நாள் பிந்தி வாற என்ட குண்டு படுறத நான் இன்னும் கண்ணால கண்டதில்ல. இண்டைக்கு மட்டும் பாத்துட்டுப் போறன்."

லீவு நாளில் திறப்பது விதிக்குப் புறம்பு. ஆனால் தட்டை வாங்கியாயிற்று. இராசநாயகம் சாவியை எடுத்தார். கொட்டகையில் காற்றுத்தான் இருந்தது. ஏழாம் தடத்து அட்டையின் ஒரு மூலை கழன்று ஆடுவதைக் கண்டதும், ஒழுங்கு கெட்டால் பொறுக்காத அந்த மனிதர் அதைக் குத்திவிடக் கோட்டைத் தாண்டி நடந்தார். சுஹைரா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஐயா, போகாதீங்க!"

"கொடி இறங்கித்தானே கிடக்கு பிள்ளை" என்று அவர் திரும்பியதுதான் தாமதம், கடல் பக்கத்தால் ஓர் இரைச்சல் வந்தது. ஐந்து குண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அவருடைய வலது காதை உரசாத குறையாகப் போய், ஆடிக்கொண்டிருந்த அட்டையின் நடுவில் ஒரே துளையாக இறங்கின. பழக்கதோஷத்தில் அவருடைய விரல் கடிகாரத்தை அமத்தியிருந்தது. ஆறு செக்கன்.

இராசநாயகம் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அது காதுக்காக அல்ல. வெளியே போன குண்டு வந்து சேருமுன் இத்தனை காலமும் கொடியை இறக்கி வந்திருக்கிறார். கொடி இறங்கிய தடத்தில் மறுநாள் ஆட்கள் கூட்டியிருக்கிறார்கள், அட்டை மாட்டியிருக்கிறார்கள். முப்பது வருட உத்தியோகத்தில் இப்படியொரு கவனயீனம் அவர் செய்ததில்லை. பிறகு எழும்பி, வேண்டுமென்றால் இப்போதே சுட்டுவிடும்படியும், நாளைக்குப் போட்டியில் படுமென்றும் சொன்னார்.

"வேணாம் ஐயா. நேத்துச் செய்ததே பிழை. நாளைக்கு எல்லாரோடயும் நிண்டு சுடுறன். சைபரெண்டா சைபர்."

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு, சொன்னபடி எல்லோரோடும் நின்று சுட்டாள். ஆறு செக்கன். பத்மாசனி நாலு செக்கனில் முடித்துவிட்டு, அட்டை எடுக்கக் கோட்டடிக்கு வந்தாள். இராசநாயகம் கையை நீட்டி மறித்தார். கொடி இறங்கவில்லை. ஏழாம் தடத்தின் குண்டுகள் இன்னும் வெளியில். அவை வந்து சேராமல் கொடி இறங்காது. கொடி இறங்காமல் போட்டி முடியாது. சத்தம் வந்தது, ஏச்சு வந்தது, செயற்குழுவைக் கூட்டச் சொல்லியும் கேட்டார்கள். அவர் கடிகாரத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கோட்டின் மேல் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிரவு அங்கேயே இருந்தார். ஸஜ்ஜாத் தேத்தண்ணி கொடுத்தான்.

திங்கட்கிழமை மூன்றரைக்கெல்லாம் எல்லோரும் திரும்பி வந்திருந்தார்கள். பத்மாசனி வங்கியில் சுகயீனம் என்று சொல்லிவிட்டு வந்து, சுஹைராவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். முனீப் படகைக் கட்டிவிட்டு வந்து, அரை மணித்தியாலம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தான். அதை அவனுடைய உம்மா கூட நம்பமாட்டா. நான்கு மணிக்குக் கடல் பக்கத்தால் இரைச்சல் வந்தது. சுஹைரா கண்ணை மூடவில்லை. கொடி இறங்கியது. இராசநாயகம் நடந்துபோய் அட்டைகளைக் கழற்றிக்கொண்டு வந்து, பத்மாசனி முப்பத்தெட்டு என்று வாசித்தார். பிறகு அடுத்த அட்டையை எடுத்தார்.

"ஏழாம் தடம், சுஹைரா, ஐம்பது."

கைதட்டினார்களா என்று அவளுக்கு நினைவில்லை. இத்தனை நாள் கோபமும் கழன்றபோது, பத்மாசனிதான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கொழும்பில் அந்த வருடம் அகில இலங்கைப் போட்டி இரண்டு நாள் நடந்தது. இராசநாயகம் கொடிக்கம்பத்தடியில் கதிரை போட்டிருந்தார்.

இப்போது சங்கம் முடிவுகளை மறுநாள் நான்கு மணிக்குத்தான் அறிவிக்கிறது. பழகிவிட்டதால் ஒருவரும் முணுமுணுப்பதில்லை. வெள்ளிக்கிழமை இரவிலும் சனிக்கிழமை காலையிலும் உப்புக் கொட்டகை முகட்டில் சிவப்புக்கொடி ஆடுவதைக் கண்டு, கிண்ணியா பஸ்ஸில் வரும் வெளியூர்க்காரர்கள் துறைமுகத்தில் ஏதும் பிரச்சினையா என்று விசாரிப்பார்கள். கொண்டக்டர் ரிக்கற் கிழிப்பதை நிறுத்தாமலே பதில் சொல்வான்.

"ஒண்டுமில்ல. சுஹைரா ராத்தா சுட்டிருக்கா. நாலு மணிக்கு இறக்கிருவாங்க."