ஒன்பதாவது அறிகுறி

1995ஆம் ஆண்டு சித்திரை மாதம், என் மகள் சுந்தரவல்லியை மறுபடி அழைத்துவரும்படி தாம்பரம் மனநல மருத்துவர் ஹில்டா கடிதம் எழுதினார். நல்லவேளை, ஒட்டிய உறை. தபால்காரர் படித்திருக்க முடியாது.

மூன்று ஆண்டுகளாக அவளுக்கு மனச்சிதைவு என்றே மருந்து. "சாப்பாட்டில் ஏதோ கலக்கிறீர்கள்" என்று அவள் சில நாள் கத்தியதை மட்டும் டாக்டரிடம் சொல்லியிருந்தேன். மற்றதைச் சொல்லவில்லை. தன் கையில் அவளே கீறிக்கொண்ட கோடுகள் தெரியாதிருக்க, குரோம்பேட்டைத் தையல்காரரிடம் முழுக்கை ரவிக்கைகளாகவே தைத்து வாங்கினேன். என் உடன்பிறந்த தங்கைகளுக்குக்கூடத் தெரியாது.

அவளை அழைத்துப் போனபோது, டாக்டரின் மேசைமேல் மனநோய்களின் அறிகுறிகளைப் பட்டியலிடும் தடித்த புதுப் புத்தகம் இருந்தது.

"சார், அமெரிக்காவுல போன வருஷம் இதைத் திருத்தியிருக்காங்க. பார்டர்லைன்னு ஒரு நோய். முன்னாடி எட்டு அறிகுறிதான். இப்ப ஒன்பதாவதா ஒண்ணு. மனசு நெருக்கடியில இருக்கறப்ப சந்தேகம் வரும், அப்புறம் போயிடும். இவ ஞாபகம்தான் வந்தது. ஆனா மத்த எட்டுல ஒண்ணும் ஃபைல்ல இல்லையே?"

"எங்க குடும்பத்துல அதெல்லாம் கிடையாது."

"மூணு வருஷமா எனக்கும் சேர்த்து நீங்களே பதில் சொல்றீங்கப்பா. மாத்திரையையும் நீங்களே முழுங்கியிருக்கலாம்" என்றாள் சுந்தரவல்லி.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

படித்தேன். கைவிடப்படுவோமோ என்ற தவிப்பு. தோழி ரத்தினபாய் கடிதம் போடாத வாரம் இவள் பட்டினி கிடந்தாள். ஒரே மனிதரை வானளாவப் புகழ்வது, உடனே வெறுப்பது. காலையில் நான் தெய்வம், மாலையில் எதிரி. அடுத்து, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது. அந்த வரியில் என் விரல் நின்றுவிட்டது.

என் வீட்டு வாசலைக்கூடப் பார்த்திராதவர்கள், நான் கதவைச் சாத்தி மறைத்ததை அச்சிட்டிருந்தார்கள். எத்தனை வீடுகளில் நடந்திருந்தால் அது புத்தகத்தில் ஏறியிருக்கும்! உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு அறிந்தவர்களே தாங்கள் எழுதியது போதாதென்று மறுபடி உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள். நான் சொன்ன ஒரு சொல்லைக்கூட நான் திருத்தியதில்லை.

"டாக்டர், நான் சொன்னது முழுசா உண்மையில்லை" என்றேன்.

சுந்தரவல்லி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்ற முயன்றாள். வரவில்லை. இறுக்கமாக வைக்கச் சொன்னவன் நான்தான்.

நானே கழற்றிவிட்டேன்.