மானசா குதித்த கிணறு

மானசா டாலஸிலிருந்து மகளோடு வருகிறாள் என்றதும் நான் செய்த முதல் தவறு, வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தது. அன்னூர் ரோட்டிலிருந்து பிரிந்து எங்கள் தோட்டத்துக்குள் கார் வந்து நின்றது. இறங்கியவள் வீட்டை மேலும் கீழும் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"என்னடி கயல், அந்த ஓட்டு வீடு எங்கே?"

"அத இடிச்சுப் பதினோரு வருசமாச்சு புள்ள. தேளா உழுந்துட்டிருந்துச்சு."

"ஐயோ, ரித்திகாகிட்ட ஓட்டு வீடுன்னு சொல்லி வெச்சிருக்கேனே!"

தேளைப் பற்றி அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தூங்குகிறவர்கள் தலையில்தானே விழுந்தது, அவள் தலையிலா விழுந்தது?

நானும் அவளும் கோயம்புத்தூரில் ஒரே பள்ளிக்கூடம். நான் ஹாஸ்டல், அவள் ஆர்.எஸ்.புரத்தில் கீசர் வைத்த வீடு. அப்பா வங்கி அதிகாரி. முழுப்பரீட்சை லீவில் வருஷத்துக்கு ஒரு வாரம் எங்கள் தோட்டத்துக்கு வருவாள். கொசு கடித்தால் அழுவாள். நான்காம் நாள் அப்பாவை வரச்சொல்லி போன் போட்டுவிடுவாள். இதுதான் அவளுடைய கிராமத்து வாழ்க்கை. மொத்தமாகக் கூட்டினால் ஒரு மாதம் தேறாது.

மகள் ரித்திகாவுக்குப் பத்து வயது. என் முன்னால் வந்து கை கூப்பினாள். "வணக்கம். தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?"

அங்கே சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்பாம். இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கும் என் மகன் கவின் இப்படி ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. அவன் "ஹாய்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"மாடு எங்கேடி?" என்றாள் மானசா.

"மாடு இல்ல. பாக்கெட் பாலுதான்."

"விறகடுப்பு?"

"ஆரு ஊதறது?"

வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச நான் செல்போனை எடுத்து மோட்டாரைப் போட்டேன். அதை அவள் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. அவள் நினைவில் இருந்ததை எல்லாம் நான் வேண்டுமென்றே விற்றுத் தின்றுவிட்டேன் என்பது போலிருந்தது. இவள் மட்டும் டாலஸில் ஏழு பர்னர் அடுப்பு வைத்துக்கொள்ளலாம். நான் இவள் மகள் பார்ப்பதற்காக ஊதுகுழலோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"கிணறாவது இருக்கா?"

கிணறு இருந்தது. பாறையை வெட்டி எடுத்த பெரிய கிணறு. அரசாங்கம் சுற்றுவட்டாரக் குளங்களுக்குத் தண்ணீர் விட்டதில் இரண்டு வருஷமாகப் பத்தடியிலேயே தண்ணீர் நிற்கிறது. மானசா முகம் மலர்ந்து மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

அந்தக் கிணற்றைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பதினாலு வயதில் அதில் விழுந்த ஓர் ஆட்டுக்குட்டியை நான் குதித்துத் தூக்கினேன். அன்று தோட்டத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை, நானும் லீவுக்கு வந்திருந்த மானசாவும்தான். மோட்டார் ரூம் சுவர்மேல் ஏறிக் குதித்தேன். தாவணியில் குட்டியை முதுகோடு கட்டிக்கொண்டு கல்படியைப் பிடித்து ஏறினேன். என் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது அது ஒன்றுதான். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, வாழைக்கு உரம் போட்டு நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது. வேறொன்றும் நடக்கவில்லை. அதனால் அதையே சொல்லிக்கொண்டிருப்பேன். நான் வாயைத் திறந்தாலே கவின், "ஆடு உழுந்துருச்சு" என்று எழுந்து போய்விடுவான்.

ரித்திகா கிணற்றை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா ஆட்டுக்குட்டியைக் காப்பாற்றியது இங்கேதானா? அப்போது மேலே நின்று அழுத தோழி நீங்கள்தானா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் காது சூடேறிப்போனது.

மானசா மகளின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் வெட்கம் இல்லை. கெஞ்சல் இருந்தது. மகள் தூங்கப் போகும்போது வருஷக்கணக்காகச் சொல்லிவந்த கதையாம். பிறகுதான் சொன்னாள்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. வந்தவர்களிடம் "அப்படி இல்லை" என்று சொல்ல வாய் வராது. உப்பே போடாத குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்குதுங்க" என்று சொல்லி மோரைக் கேட்டு வாங்குவோம். வந்தவர் முகம், அதுவும் பெற்ற பிள்ளைக்கு முன்னால், சுண்டக்கூடாது. அந்தப் பாழாய்ப்போன மரியாதை என் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

"ஆமா கண்ணு. நான்தான் அழுதது."

"குட்டியை எப்படி மேலே கொண்டுவந்தீர்கள், அம்மா?"

"கையில தூக்கிட்டே நீந்தி வந்தேன்டா," என்றாள் மானசா.

"கையில தூக்குனா எப்படிப் படி ஏறறது? தாவணியில கட்டித்தான்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். குழந்தை என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தது. பிறகு கிணற்றின் கல்படியைப் பார்த்தது.

மத்தியானம் சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பாலும் நாட்டுக்கோழிக் குழம்பும் வைத்தேன். மானசா போட்டோ எடுத்துவிட்டுக் கொறித்தாள். ரித்திகா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. என் கிணற்றை என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று வயிறு எரிந்தது. சரி, போகட்டும், சிநேகிதிதானே, குழந்தைக்காகத்தானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தேன்.

கிளம்பும்போது ரித்திகா காருக்குள் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் திறந்திருந்தது. மானசா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"உன்னப் பாத்தா பாவமா இருக்குடி. நீ அப்பவே பயந்த சுபாவம். கிணத்துமேட்டுல நின்னு அழுதியே, ஞாபகம் இருக்கா? அந்தப் பயத்துலயே இங்கயே நின்னுட்டே. கொஞ்சம் தைரியம் இருந்திருந்தா நீயும் எங்கயோ போயிருப்பே."

கேலி இல்லை. நடிப்பும் இல்லை. உண்மையாகவே எனக்காக வருத்தப்பட்டாள். கிணற்றடியில் கெஞ்சியவள்தான்; சொல்லிச் சொல்லி, இன்று நானும் ஆமாம் என்றதில், அவளே நம்பிவிட்டாள். அதற்குமேல் என் மரியாதை தாங்கவில்லை.

"ரித்திகா கண்ணு, எறங்கி வா," என்றேன். "உங்கம்மா கெணத்துல குதிக்கறதப் பாத்துப்போட்டுப் போலாம்."

"என்னடி விளையாடறே? ஏர்போர்ட்டுக்கு டைமாச்சு," என்றாள் மானசா.

"அஞ்சு நிமிசம். தண்ணி மேலதான் நிக்குது. என்ற நைட்டி ஒண்ணு தாரேன், மாத்திக்க."

"தலைக்குக் குளிச்சிருக்கேன். சைனஸ் வேற இருக்குடி."

"ஆட்டுக்குட்டிய எடுத்தவளுக்குச் சைனஸ் என்ன பண்ணும்? வா புள்ள!"

என் குரல் எனக்கே நாராசமாகக் கேட்டது. நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் விருப்பமில்லை. மானசாவின் முகம் வெளுத்துக்கொண்டே போவதைப் பார்க்க எனக்கு இனித்தது. டிரைவர்கூட எட்டிப் பார்த்தார்.

கார்க் கதவு திறந்தது. ரித்திகா இறங்கி நேராக என்னிடம் வந்தாள். அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. என் முந்தானையைப் பிடித்து இழுத்துக் குனியச் சொன்னாள். காதருகில் மெதுவாகப் பேசினாள்.

"அம்மாவுக்கு நீச்சல் தெரியாது, ஆன்ட்டி. எங்கள் வீட்டு நீச்சல் குளத்தில் இடுப்புவரைதான் இறங்குவார். குதித்தது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து அம்மாவிடம் சொல்லாதீர்கள், எனக்குத் தெரியும் என்று."

சொல்லிவிட்டுத் திரும்பி, சத்தமாக, "அம்மா, நேரமாகிவிட்டது. அடுத்த முறை குதிக்கலாம்," என்றாள்.

"ஆமாடா, அடுத்த தடவை கண்டிப்பா," என்று மானசா அவசரமாகக் காரில் ஏறினாள். அவள் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. கண்ணாடியை ஏற்றுவதற்கு முன் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

ஒரு பத்து வயதுப் பிள்ளை அத்தனை நாளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை நான் போட்டு உடைக்கப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. மானசாமேல் இருந்த கோபம் மட்டும் இம்மியும் குறையவில்லை.