பத்து வார்த்தை

சீசன் தொடங்கப்போகிறது என்றால் விளையாடுகிறவர்களுக்குக் கால் வலிக்கும். எனக்குக் கழுத்து வலிக்கும். கல்லூரி ஆண்கள் கால்பந்து அணியின் சட்டைகளுக்கு எண் தைக்கும் வேலை ஒவ்வொரு வருஷமும் என் தலையில்தான் விடியும். அணியின் கோச் என் வீட்டுக்காரர். கடையில் சூடு வைத்து ஒட்டித் தருகிற எண்கள் நாலு சலவையில் வெடித்து உதிர்ந்துவிடுகின்றன என்று எப்போதோ வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மூட்டை நேராக என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து இறங்குகிறது. துணியில் எண்ணை வெட்டி, சட்டை முதுகில் குண்டூசி குத்தி, ஓரம் முழுக்க நெருக்கமாக இரண்டு ஓட்டம் தைக்க வேண்டும். எட்டு என்றால் உள்ளே இரண்டு ஓட்டை வேறு. எட்டாம் எண் போடுகிறவன் எவனாக இருந்தாலும் எனக்கு ஆகாது.

ஐந்தாம் எண் என் மகனுடையது. தடுப்பு ஆட்டக்காரன், அணித் தலைவன், கடைசி வருஷப் படிப்பு. அவனைத் தாண்டி ஒருத்தனும் பந்தைக் கொண்டுபோக முடியாது என்று பையன்கள் அவனுக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டில் அப்பனும் மகனும் ஒரே சோப்புக்கு அடித்துக்கொள்வார்கள். கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்துவிட்டால் மட்டும் 'அப்பா' கிடையாது, 'கோச்'தான். இவர் போட்ட சட்டம் அது. மற்றப் பையன்கள் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதாம். மகனும் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஒரு முறை கால் பிசகி மைதானத்தில் விழுந்து துடித்தபோதும் "கோச், கோச்" என்றுதான் கத்தினான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

போன சீசனில் ஒரே ஒரு கோலில் கோப்பை கைநழுவியது. அதிலிருந்து இவருக்குச் சாப்பாட்டு மேஜையும் மைதானமாகிவிட்டது. உப்புக் குப்பியும் கரண்டிகளும் தடுப்பு ஆட்டக்காரர்கள், தண்ணீர் டம்ளர் கோல்கீப்பர். தாகம் எடுத்தால் கோல்கீப்பரை எடுத்துக் குடிக்கக்கூட விடமாட்டார். முதல் ஆட்டத்தைப் பார்க்க ஒரு பெரிய கிளப்பிலிருந்து ஆள் வரப்போகிறார் என்று செய்தி வந்ததும் மகனுக்கும் கால் தரையில் பாவவில்லை.

அந்த ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அடிபட்டது. மூலையிலிருந்து உயரமாக வரும் பந்தைத் தலையால் முட்டி வெளியேற்றும் பயிற்சி. மகனும் கோல்கீப்பரும் ஒரே பந்துக்கு எம்பியிருக்கிறார்கள். கோல்கீப்பர் பையனுக்குப் 'பசை' என்று பெயர். பந்து கையில் ஒட்டிக்கொள்ளுமாம். அன்றைக்கு ஒட்டவில்லை. பந்தைக் குத்த வந்த முஷ்டி என் மகனின் காதுக்கு மேலே இறங்கியது. விழுந்தவன் கொஞ்ச நேரம் கண் திறக்கவில்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து, "பந்து வெளிய போச்சா?" என்று கேட்டானாம். எல்லாரும் கைதட்டினார்களாம். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக் கசிவு இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நானும் பெருமூச்சு விட்டேன்.

கல்லூரி டாக்டர் ஒரு இளம்பெண், கறாரானவர். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம் இல்ல," என்று இவர் முகத்துக்கு நேரே சொன்னார். ஒரு வாரம் ஓய்வு, அப்புறம் ஒரு பரீட்சை. சீசன் பயிற்சி ஆரம்பிக்கும்போதே ஒவ்வொருவனுக்கும் அந்தப் பரீட்சையை ஒரு தடவை வைத்திருக்கிறார். பத்து வார்த்தை சொல்வார். நடுவில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லிக் கவனத்தைத் திருப்புவார். பிறகு அந்தப் பத்தையும் திருப்பிச் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டவன், முன்பு எத்தனை சொன்னானோ அத்தனை இப்போதும் சொன்னால் ஆடலாம். குறைந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான்.

அந்த ஒரு வாரமும் அவன் என் கண் முன்னால் இருந்தான். எனக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகிப் பல வருஷமாகிறது. கண்ணாடி போட்டாலும் ஊசியில் நூல் ஏறாது. சின்ன வயதிலிருந்தே அது மகன் வேலை. நூல் நுனியை நாக்கில் நனைத்து ஒரே குத்தில் கோத்துவிட்டு, "கூலி?" என்று கையை நீட்டுவான். நான் அந்தக் கையில் ஒரு அடி வைப்பேன். அந்த வாரம் ஊசியை வாங்கியவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு கையில் ஊசி, ஒரு கையில் நூல்.

"இதை என்னம்மா பண்ணணும்?" என்றான்.

விளையாடுகிறான் என்று கையில் ஒரு அடி வைத்தேன். அவன் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. நிரம்பி வழிகிற டம்ளரில் பாலை ஊற்றிக்கொண்டே இருந்தான். குளியலறை வாசலில் துண்டோடு நின்று, "நான் குளிச்சிட்டேனா?" என்று கேட்டான். அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இவரிடம் சொன்னேன்.

"அடிபட்டவன் கொஞ்ச நாள் அப்படித்தான் இருப்பான். நீ பூதக்கண்ணாடி வச்சுப் பார்க்காத," என்றார்.

"பக்கத்துல இருக்கற ஊசியே தெரியாதுங்க எனக்கு. எனக்கே தெரியுதுன்னா பாத்துக்கோங்க."

"டெஸ்ட் இருக்கு இல்ல? அதுல தெரிஞ்சிடும். விடு."

விட்டேன். டாக்டர் கறாரானவர், பரீட்சையில் எதுவும் தப்பாது என்று நம்பினேன்.

பரீட்சை நாளன்று தைத்து முடித்த சட்டைகளைக் கொடுக்கக் கல்லூரிக்குப் போயிருந்தேன். ஐந்தாம் எண் சட்டை மட்டும் குண்டூசியோடு வீட்டில் கிடந்தது. ஏனோ கை அதன் பக்கம் போகவில்லை. பையன்கள் உடை மாற்றும் அறை வாசலில் கும்பலாக நின்றிருந்தார்கள். ஈர ஷூ நாற்றமும் வலி மருந்து வாசனையும் மூக்கைத் துளைத்தன. டாக்டர் வெளியே வந்து, "ஆரம்பத்துல எவ்வளவோ இப்பவும் அவ்வளவுதான். குறையல. ஆடலாம்," என்றார். கூரை பறந்துவிடும் போலக் கத்தினார்கள். மகனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவர் மட்டும் கைதட்டவில்லை. விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதாமல் நின்றார். சந்தோஷத்தில் வாயடைத்துப்போயிருக்கிறார் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

சட்டைகளை அலமாரியில் அடுக்கப் பசை உதவிக்கு வந்தான். அடிபட்ட நாளிலிருந்து என் முகத்தைப் பார்க்காமல் ஒளிந்துகொண்டிருந்த பையன். இப்போது வாய் ஓயவில்லை.

"ஒரு வாரமா தூங்கல ஆன்ட்டி. ஆனா உள்ளுக்குள்ள தெரியும், அவன் பாஸாயிடுவான்னு."

"அது எப்படிப்பா தெரியும்?"

கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சீசன் முதல் டெஸ்ட்ல நாங்க எல்லாரும் மக்கு மாதிரி நடிச்சிடுவோம் ஆன்ட்டி. பத்தும் தெரிஞ்சாலும் மூணோ நாலோதான் சொல்லுவோம். அப்பதான் பின்னாடி தலையில அடிபட்டாலும் மார்க் குறையாது, உட்கார வைக்க முடியாது. டீம்ல சேர்ந்த அன்னிக்கே சீனியர்ஸ் சொல்லிக் குடுத்துடுவாங்க. பூட்டு மூணுதான் சொன்னான். டாக்டர் அவனைப் பார்த்துப் பாவப்பட்டாங்க, தெரியுமா?"

"இன்னிக்கு எத்தனை சொன்னான்?"

"அதே மூணுதான்."

"இன்னிக்கும் நடிச்சானா?"

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "நடிச்சிருப்பான் ஆன்ட்டி," என்றான். பிறகு, "நடிச்சிருப்பான் இல்ல?" என்று என்னையே கேட்டான்.

சாயங்காலம் இவர் வாசலில் உட்கார்ந்து பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். பசை சொன்னதை வரி விடாமல் சொன்னேன். பம்ப் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

"முதல்ல அதை நிறுத்துங்க."

நிறுத்தினார். "தெரியும்," என்றார்.

"எப்போலேர்ந்து?"

"நான் அந்த டீம்ல ஆடின காலத்துலேர்ந்து. எங்களுக்கு வார்த்தை கிடையாது, ஒத்தக்கால்ல நிக்கச் சொல்லுவாங்க. முதல் தடவையே வேணும்னு தள்ளாடுவோம். எங்க செட்தான் ஆரம்பிச்சு வச்சது."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, அதுவும் சொந்தப் பயிரை. கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். வைக்காமல் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது.

"தெரிஞ்சுமா வாயை மூடிட்டு நின்னீங்க?"

"இன்னிக்கும் வேணும்னுதான் மூணு சொல்லியிருப்பான். திடீர்னு எட்டு சொன்னா டாக்டருக்குச் சந்தேகம் வராதா? நம்ம பையன் கெட்டிக்காரன்." அதை என்னிடம் சொல்லவில்லை, பந்திடம் சொன்னார். "இந்த ஒரே ஒரு மேட்ச். அதுக்கப்புறம் எவ்வளவு வேணா ரெஸ்ட் எடுக்கட்டும்."

"மேட்ச் ஒண்ணே ஒண்ணு. அவன் தலையும் ஒண்ணே ஒண்ணுதாங்க."

மகனைக் கூப்பிட்டேன். வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றான்.

"இன்னிக்கு மூணு வார்த்தை சொன்னியே, வேணும்னுதான் சொன்னியா?"

"ஆமாம்மா," என்றான். ஆனால் சொல்வதற்கு முன்னால் அப்பாவைப் பார்த்தான். எது சரியான பதில் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தது போல இருந்தது எனக்கு. இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். நீங்க வரலைன்னா நானே போறேன்," என்றேன்.

"சொன்னா மொத்த டீமுக்கும் திரும்ப டெஸ்ட் வைப்பாங்க. பசங்க இவன் மூஞ்சியில துப்புவாங்க."

"துப்பட்டும். துடைச்சுக்க மூஞ்சி இருக்கும் இல்ல?"

மறுநாள் காலை மூன்று பேரும் போனோம். வழியெல்லாம் மகன் என்னைப் பொரிந்து தள்ளினான். "என் வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போடற. அந்தக் கிளப் ஆளு திரும்ப வருவானா? நீ சட்டை தைக்கறதோட நிறுத்திக்க மாட்டியா?" அவன் கோபமாக, தெளிவாகப் பேசியதே எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒருவேளை நான்தான் பைத்தியக்காரியோ என்று நினைத்தேன். அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

டாக்டரிடம் இவரே சொன்னார். பழைய கதை, புதுக் கதை, எதையும் மறைக்கவில்லை. டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இவர் பக்கம் திரும்பினார். "நீங்களுமா சார்?" என்று மட்டும் கேட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு மகனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது புது வார்த்தைங்க. இந்தத் தடவை முழு மனசோட சொல்லு. எனக்காக இல்ல, உனக்காக."

மகன் என் பக்கம் திரும்பினான். "பத்தும் சொல்லுவேன். அப்புறம் நீ எங்கிட்ட ஸாரி கேக்கணும்."

"காலைத் தொட்டே கேக்கறேன்டா கண்ணா," என்றேன். மனசாரச் சொன்னேன். என்னை முட்டாளாக்கிவிடு, ஊர் சிரிக்கட்டும், நீ பத்தையும் சொல்லு.

டாக்டர் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். குதிரை, ஜன்னல், எலுமிச்சை, சங்கிலி, மேகம், பேனா, பாலம், தொப்பி, மெழுகுவர்த்தி, கிணறு. பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று வந்தவன் கொஞ்சம் நின்று, மறுபடியும் தொண்ணூற்று மூன்று என்றான். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

"இப்ப அந்த வார்த்தைங்களைச் சொல்லு."

"குதிரை," என்றான் உடனே. "ஜன்னல்." என்னைப் பார்த்துச் சிரித்தான், பார்த்தாயா என்பது போல. அப்புறம் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. உதட்டைக் கடித்தான். விரல்கள் தொடையில் தாளம் போட்டன. நெற்றியில் வேர்த்தது, ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் கோலுக்கு முன்னால் நிற்கும்போது இருக்கும் அதே முகம். "கிணறு," என்றான். அதோடு நின்றது.

"போதும்பா," என்றார் டாக்டர்.

"இருங்க டாக்டர். நடிக்கல. சத்தியமா நடிக்கல. இதோ வருது."

காத்திருந்தோம். வெளியே மைதானத்தில் யாரோ பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது. எதுவும் வரவில்லை. என் பக்கத்தில் இவர் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. மகன் அதைப் பார்த்துவிட்டான்.

"அப்பா," என்றான். "இன்னும் என்னப்பா? சொல்லுங்கப்பா."

அந்தக் கல்லூரி வாசலுக்கு உள்ளே அவன் இவரை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "எலுமிச்சை," என்றார். "சங்கிலி. மேகம். பேனா." டாக்டர் தடுக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் மகன் மெல்லத் தலையாட்டினான், அதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறவன் போல.