மஞ்சள் பூவுக்கு அடியில்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற அண்ணிக்கு ஒரு கிறுக்கு உண்டு. வழியில் எந்தக் களை முளைத்திருந்தாலும் குந்தி உட்கார்ந்து படம் எடுத்து, இணையத்தில் உள்ள காட்டுச்செடிக் குழுவில் போட்டுவிடுவாள். அழகான படம் மட்டும் போட்டால் அங்கே செல்லாது. அறிவியல் பெயர், குடும்பம், இலை, வேர், வளருமிடம் எல்லாம் எழுத வேண்டும். தப்பாக எழுதினால், குழுவை நடத்தும் தாவரவியல் பேராசிரியை முகம் சுளிக்காமல் திருத்துவார்.

உடன் குடியிருந்த நாத்தனாருக்கு இது வேலையற்ற வேலை. பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருப்பவள். ஓடுகிற பொருளைத்தான் மதிப்பாள். புல்லுக்கும் பூண்டுக்கும் பயோடேட்டா எழுதுகிற ஒரே ஆள் எங்கள் அண்ணிதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் காலிமனையில் தேங்கிய நீருக்கு மேலே மஞ்சள் பூக்கள் தலைநீட்டி நிற்பதை அண்ணி பார்த்தாள். படம் போட்டாகிவிட்டது. இலை, வேர் என்று எழுத வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. காம்புக்குக் கீழே பச்சை நூல் கொத்துத்தான் தெரிந்தது. ஏதோ ஒரு பெயரைக் குத்துமதிப்பாக எழுதிவைத்தாள். ஊகம் வேண்டாம், ஒரே ஒரு இழையை அதே தண்ணீரோடு எடுத்துவந்து கிட்டத்தில் படம் பிடியுங்கள் என்று பேராசிரியை பதில் போட்டார்.

மறுநாள் விடுமுறை. ஜன்னலோரம் கண்ணாடிக் கிண்ணத்தில் இழை மிதந்தது. வேரே இல்லை. நூல் நெடுகிலும் கசகசா அளவில், உள்ளே இருப்பது தெரிகிற பைகள். படம் போன சூட்டோடு பதில் வந்தது. இது யூட்ரிகுலேரியா, பூச்சி தின்னும் செடி. ஒவ்வொரு பையும் உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு, கதவை மூடிக்கொண்டு காத்திருக்கும். வாசலில் உள்ள மெல்லிய முடியில் ஏதாவது பட்டால் கதவு திறக்கும், தண்ணீரும் இரையும் உள்ளே போகும், கதவு மூடும். கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது.

அண்ணி வாசித்ததைக் கேட்டு நாத்தனார் காபியை மேசையில் வைத்தாள்.

"தண்ணிய வெளிய தள்ளுதா? எதை வச்சு?"

"நீயே வந்து பாரேன்."

ஆளுக்கொரு லென்ஸோடு குனிந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. நீர்ப்பூச்சி ஒன்று, தூசு போலத் துள்ளித் துள்ளி ஒரு பையருகே வந்தது. அடுத்த கணம் அங்கே இல்லை. போனதை இருவருமே பார்க்கவில்லை. பைக்குள்ளே அது காலை உதைத்துக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தார்கள்.

நாத்தனார் நிமிரவே இல்லை.

"இப்படி ஒரு வால்வு செய்யறதுக்கு எங்க கம்பெனியில ஒரு ஹால் நிறைய மிஷின் வச்சிருக்கோம், அண்ணி. இது கசகசா சைஸ்ல..."

லென்ஸ் வழியாக எடுத்த வீடியோவைக் குழுவில் போட்டார்கள். இரை விழுமுன் பையின் பக்கங்கள் உள்வாங்கியிருப்பதையும், விழுந்த பின் உப்புவதையும் நாத்தனாரே உட்கார்ந்து எழுதினாள். ஆட்கள் செடியை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், இடத்தை மட்டும் குறிப்பிடாதீர்கள் என்று பேராசிரியை தனியாகச் சொன்னார். முகம் தெரியாதவர்கள் தங்கள் ஊர்க் குட்டைகளின் படங்களைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். தன் வீட்டுக்கு எதிரிலேயே இந்தப் பூ வருஷக்கணக்காகப் பூக்கிறது, ஒருநாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை என்று ஒரு லாரி டிரைவர் எழுதியிருந்தார்.

சாயங்காலம் இழையைத் திரும்ப அந்தக் காலிமனைத் தண்ணீரிலேயே விடப் போனார்கள். சகதி என்றால் நாலடி தள்ளிப் போகிற நாத்தனார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். காற்றில் பூக்கள் லேசாக ஆடின.

"அண்ணி, அசையாதீங்க," என்றாள் மெதுவாக. "இப்ப நம்ம காலைச் சுத்தி எத்தனை கதவு திறந்து மூடிட்டிருக்கும்?"

டிப்போவில் பஸ்கள் வந்தன, போயின. கணுக்காலளவு நீரில் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.